நெசவாளி கொடுத்த கல்!

சாஞ்சி மலையில் 2,200 ஆண்டு அதிசயம்

சனிக்கிழமை சாயங்காலம். சாமளாபுரத்து விசைத்தறிக் கூடங்களில் வாரச் சம்பளம் பட்டுவாடா ஆகிறது. கைக்கு வரும் நோட்டுகளில் மஞ்சள் நிற நோட்டு ஒன்று இருக்கும். 200 ரூபாய் நோட்டு. முன்பக்கம் காந்தியடிகள் சிரிக்கிறார். பின்பக்கம் என்ன படம்?

கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு கட்டடம்!

அதைக் கவனித்துப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களிலும் அது எந்த ஊர் என்று தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. அதுதான் சாஞ்சி ஸ்தூபி. புத்த மதத்தினர் கைகூப்பி வணங்கும் புனிதத் தலம். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று ஐ.நா. அமைப்பான யுனெஸ்கோ 1989-ம் ஆண்டு அதை அறிவித்தது. 2017-ம் ஆண்டு அது நம் ரூபாய் நோட்டில் ஏறியது.

அந்தக் கட்டடத்துக்கும் தறி ஓட்டும் ஊருக்கும் ஒரு சொந்தம் உண்டு. அதைக் கட்டப் பணம் கொடுத்தவர்களில் ஒரு நெசவாளியும் இருக்கிறான். அவன் கொடுத்த கல் இன்னும் அங்கே இருக்கிறது!

எங்கே இருக்கிறது?

மத்தியப் பிரதேசத்தில், போபால் நகரில் இருந்து சுமார் 46 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது சாஞ்சி. சின்ன ஊர். பக்கத்தில் சுமார் 300 அடி உயரமுள்ள ஒரு குன்று. குன்றின் மேல்தான் எல்லாம்.

சாமளாபுரத்துக் குடும்பம் ஒன்று புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். திருப்பூர் வழியாக டெல்லிக்குப் போகும் ரெயிலில் ஏறினால் போபாலில் இறங்கலாம். ஒரு நாளுக்கு மேல் ஆகும். புளிச்சாதமும் முறுக்கும் கட்டிக் கொண்டு போவது நல்லது. போபாலில் இருந்து பஸ்சிலோ, வேறு ரெயிலிலோ சாஞ்சிக்குப் போய்விடலாம். சித்திரை, வைகாசியில் அந்தப் பக்கம் வெயில் கொளுத்தும். கார்த்திகையில் இருந்து மாசி வரை சுகமாக இருக்கும். குன்றின் மேலே போகத் தார் ரோடு இருக்கிறது. வயதானவர்களும் பயப்பட வேண்டியதில்லை.

மேலே போனதும் முதலில் கண்ணில் படுவது பெரிய ஸ்தூபி. அதன் குறுக்களவு சுமார் 120 அடி. உயரம் 54 அடி.

உள்ளே போக வாசல் எங்கே என்று தேடாதீர்கள். வாசல் கிடையாது! ஸ்தூபி என்பது கோவில் அல்ல. உள்ளே கருவறை இல்லை. அது மண்ணும் செங்கல்லும் கல்லும் நிறைந்த மேடு. புத்தருடைய அல்லது பெரிய துறவிகளுடைய எலும்பு, சாம்பல் போன்ற புனித எச்சங்களை நடுவில் வைத்து, மேலே கட்டி எழுப்புவார்கள். பக்தர்கள் அதை வலமாகச் சுற்றி வந்து வணங்குவார்கள். கீழே ஒரு சுற்றுப் பாதை இருக்கிறது. படி ஏறினால் மேலே இன்னொரு சுற்றுப் பாதை இருக்கிறது.

வியாபாரி மகளை மணந்த அசோகர்

சாஞ்சிக்குப் பக்கத்தில் 10 கிலோ மீட்டரில் விதிஷா என்ற நகரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய வியாபாரப் பட்டணம். அசோகர் பட்டத்துக்கு வருவதற்கு முன்பு உஜ்ஜயினிக்கு அதிகாரியாகப் போகும் வழியில் அங்கே தங்கினார். அங்கே ஒரு வியாபாரியின் மகளைக் கண்டு மணந்து கொண்டார். அவள் பெயர் தேவி. அவர்களுக்குப் பிறந்தவர்கள் மகிந்தனும் சங்கமித்திரையும். இப்படிச் சொல்வது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம்.

அசோகர் சக்கரவர்த்தி ஆன பிறகும் தேவி விதிஷாவிலேயே இருந்தாள். மகன் மகிந்தன் துறவியானான். புத்த மதத்தைப் பரப்ப இலங்கைக்குப் புறப்படும் முன்பு தாயைப் பார்க்க வந்தான். தான் கட்டிய மலை விகாரைக்கு மகனை அழைத்துப் போய்த் தங்க வைத்தாள் தாய். அந்த மலை இந்தச் சாஞ்சிக் குன்றுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். இலங்கையில் இருந்து இன்றும் கூட்டம் கூட்டமாக யாத்திரிகர்கள் இங்கே வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு சங்கதி. புத்தர் பிறந்தது லும்பினி. ஞானம் பெற்றது புத்தகயா. முதல் உபதேசம் செய்தது சாரநாத். மறைந்தது குசிநகரம். சாஞ்சிக்கும் அவருடைய வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை! அவர் காலடி படாத இடத்தில்தான் இத்தனை அழகான சின்னம் எழுந்தது.

அசோகர் கட்டியது செங்கல் ஸ்தூபி. இப்போது இருப்பதில் பாதி அளவுதான் அது. சுமார் 100 ஆண்டு கழித்து, அதைச் சுற்றிக் கல்லால் மூடிப் பெரிதாக்கினார்கள். கல் வேலி போட்டார்கள். அதற்குப் பிறகு, கி.மு. முதல் நூற்றாண்டில் நான்கு திசைகளிலும் நான்கு தோரண வாயில்கள் வைத்தார்கள்.

இதற்கெல்லாம் பணம்?

எந்த ராஜா கொடுத்தார் என்று கேட்பதுதான் வழக்கம். இங்கே அந்தக் கேள்வி செல்லாது.

யார் யார் கொடுத்தார்கள்?

கல் வேலியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தூணிலும், குறுக்குக் கல்லிலும், மேல் கல்லிலும் சின்னச் சின்ன எழுத்துகள் வெட்டியிருக்கும். ஒரு வரி, அரை வரி. "இது இன்னார் தானம்." அவ்வளவுதான். இப்படி 800-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் சாஞ்சியில் இருக்கின்றன.

கொடுத்தவர்கள் சாதாரண ஜனங்கள். வியாபாரி கொடுத்தான். கணக்கு எழுதுகிறவன் கொடுத்தான். கொத்தன் கொடுத்தான். போர்வை விற்கிறவன் கொடுத்தான். நெசவாளி கொடுத்தான். ஒரு கிராமமே சேர்ந்து வசூல் செய்து கொடுத்திருக்கிறது. உஜ்ஜயினிக்காரர்கள் நிறையப் பேர் கொடுத்திருக்கிறார்கள்.

பெண்கள் எத்தனை பேர்! குடும்பப் பெண்கள், "இன்னாருடைய தாய்" என்று பெயர் வெட்டிக் கொண்ட அம்மாக்கள், துறவு பூண்ட பிட்சுணிகள். 2,000 ஆண்டுகளுக்கு முன்பு பெண்கள் கையில் சொந்தப் பணம் இருந்தது. அதை எதற்குக் கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். கல்லில் இருக்கும் சாட்சி இது.

நம் கோவில்களில் டியூப் லைட்டில் "உபயம்" என்று பெயர் எழுதுவதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. சாஞ்சியைப் பார்த்தால் கேலி செய்ய மாட்டார்கள்.

தறிக்காரர்களுக்கு இன்னொரு சுவையான செய்தி. வேலியில் இரண்டு தூண்களுக்கு நடுவே குறுக்கே செருகியிருக்கும் கல்லுக்கு அந்தக் காலத்துப் பெயர் "சூசி". சூசி என்றால் ஊசி! தூணில் துளை போட்டு, ஊசியைக் கோர்ப்பது போல் கல்லைக் கோர்த்திருக்கிறார்கள். மர வேலியில் தச்சன் எப்படிச் சட்டம் செருகுவானோ, அதே மாதிரி.

பூட்டைத் திறந்த சொல்

இந்தச் சின்னஞ்சிறு கல்வெட்டுகள் செய்த வேலை பெரிது.

அசோகர் காலத்து எழுத்துக்குப் பிராமி என்று பெயர். நாடெங்கும் பாறைகளிலும் தூண்களிலும் அந்த எழுத்து இருந்தது. ஆனால் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் மறந்து போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

கல்கத்தா நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர். 1837-ம் ஆண்டு சாஞ்சிக் கல்வெட்டுகளின் பிரதிகள் அவர் மேஜைக்கு வந்தன. வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வரி எதுவானாலும் பெரும்பாலும் கடைசி இரண்டு எழுத்து ஒன்றாகவே இருந்தது!

கோவில் தூண்களில் பக்தர்கள் என்ன எழுதுவார்கள்? கொடையைத்தான் எழுதுவார்கள். அப்படியானால் அந்தக் கடைசிச் சொல் "தானம்" என்றுதானே இருக்க வேண்டும்?

பிரின்செப் யோசித்தது சரி. "தானம்" என்ற சொல்லில் இருந்து "த", "ந" என்ற எழுத்துகள் பிடிபட்டன. அவற்றை வைத்து மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பூட்டு திறந்தது. அசோகரின் கட்டளைகளை எல்லாம் உலகம் படித்தது. அசோகர் என்று ஒரு சக்கரவர்த்தி இப்படி வாழ்ந்தார், இப்படிப் பேசினார் என்று நமக்குத் தெரிந்தது அதனால்தான். போர்வை விற்றவனும் நெசவாளியும் எழுதி வைத்த ஒரு சொல், சக்கரவர்த்தியைக் காட்டிக் கொடுத்தது!

அந்தப் பிராமியின் உறவுதான் தமிழ் பிராமி. அதைப் பார்க்க வடக்கே போக வேண்டியதில்லை. சாமளாபுரத்தை ஒட்டி ஓடும் நொய்யல், திருப்பூரைத் தாண்டிக் கிழக்கே போகிறது. அதன் கரையில் சென்னிமலைப் பக்கம் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தோண்டியபோது தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நூல் நூற்கும் தக்களியும் கிடைத்தது. சாஞ்சியில் கல்லில் பெயர் வெட்டிய காலத்தில், நொய்யல் கரையில் பானையில் பெயர் எழுதிக் கொண்டிருந்தார்கள்.

புத்தர் எங்கே?

இனி தோரண வாயில்கள். இரண்டு தூண்கள், மேலே மூன்று குறுக்குச் சட்டங்கள். ஓர் இடம் பாக்கி விடாமல் சிற்பம். யானை, சிங்கம், மயில், ராஜா, ராணி, ஊர், சந்தை, காடு, கிணறு! கல்லில் செதுக்கியதா, மெழுகில் செய்ததா என்ற சந்தேகம் வரும். தெற்கு வாயிலில் இருக்கும் ஒரு கல்வெட்டு சந்தேகத்தைத் தீர்க்கிறது. விதிஷாவைச் சேர்ந்த தந்த வேலைக்காரர்கள் இந்தச் சிற்பத்தைச் செய்தார்கள் என்கிறது அது. யானைத் தந்தத்தில் பூ வேலை செய்து பழகிய கைகள்! அதே வாயிலில், சாதவாகன அரசன் சாதகர்ணியின் சிற்பிகளுக்குத் தலைவனான ஆனந்தன் என்பவனின் கொடையும் இருக்கிறது.

கிழக்கு வாயிலில் ஒரு யட்சி. மாமரக் கிளையைப் பிடித்து வளைந்து நிற்கிறாள். படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

ஆனால், எங்கே தேடினாலும் வாயில் சிற்பங்களில் புத்தரைக் காண முடியாது!

அவர் கதைதான் செதுக்கியிருக்கிறது. அவர் மட்டும் இல்லை. அவர் ஞானம் பெற்றதைக் காட்ட ஓர் அரச மரமும், அதன் கீழே காலியான ஆசனமும். உபதேசம் செய்ததைக் காட்ட ஒரு சக்கரம். நடந்து போனதைக் காட்ட இரண்டு பாதங்கள். அரண்மனையை விட்டுப் போகும் காட்சி கிழக்கு வாயிலில் இருக்கிறது. குதிரை போகிறது. மேலே குடை பிடித்திருக்கிறார்கள். குதிரை மேல் ஆள் இல்லை! அதே குதிரை அடுத்தடுத்து வருகிறது, சினிமாவில் காட்சி நகர்வது போல. கடைசியில் பாதச் சுவடுகள் மட்டும். குதிரை தனியாகத் திரும்புகிறது.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை ஒரு விளையாட்டாகவே ஆடலாம். "இந்தப் படத்தில் புத்தர் எங்கே?" என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் பெரியவர்களை முந்திக் கொள்வார்கள்.

புத்தரின் உருவச் சிலைகள் இங்கே வந்தது பிற்காலத்தில். குப்தர்கள் காலத்தில், கி.பி. 450-ஐ ஒட்டி, நான்கு வாயில்களுக்கும் நேராக நான்கு புத்தர் சிலைகளை வைத்தார்கள். ஹரிஸ்வாமினி என்ற பெண்மணியின் கல்வெட்டு அதற்குச் சாட்சி. அவள் செய்த ஏற்பாடு வங்கிக்காரர்களும் மெச்சக் கூடியது. 12 பொற்காசு முதலாகப் போட்டாள். அதன் வட்டியில் தினம் ஒரு பிட்சுவுக்குச் சோறு. இன்னும் 3 பொற்காசு. அதன் வட்டியில் தினம் மூன்று விளக்கு. நான்கு புத்தர்கள் இருக்கும் இடத்தில் தினம் ஒரு விளக்கு வைக்க மேலும் ஒரு பொற்காசு. முதலைத் தொடக் கூடாது!

கதைச் சிற்பங்களில் மேற்கு வாயிலில் இருக்கும் குரங்கு ராஜா கதை மறக்க முடியாதது. வில்லாளிகள் சூழ்ந்து கொள்கிறார்கள். குரங்கு ராஜா ஆற்றின் குறுக்கே தன் உடம்பையே பாலமாக நீட்டுகிறது. மற்றக் குரங்குகள் அதன் முதுகில் ஏறித் தப்பிக்கின்றன. வடக்கு வாயிலில் வெசந்தரன் கதை. யானை, தேர், பெற்ற பிள்ளைகள், மனைவி வரை கேட்டவர்களுக்குத் தானமாகக் கொடுத்த ராஜகுமாரன் அவன். பெண்களுக்கு இந்தக் கதை பிடிக்காது. பிள்ளைகளைக் கொடுக்கும் இடத்தில் பிடிக்கவும் வேண்டியதில்லை.

தெற்கு வாயில் அருகே அசோகர் நிறுத்திய தூண் உடைந்து கிடக்கிறது. ஒரே கல், 42 அடி உயரம், சுமார் 40 டன் எடை. கங்கைக் கரைச் சுனாரில் வெட்டிய கல். அதில் உள்ள கட்டளை கண்டிப்பானது. சங்கத்தில் பிளவு உண்டாக்கும் பிட்சுவுக்கும் பிட்சுணிக்கும் வெள்ளை உடை உடுத்தி வெளியே அனுப்ப வேண்டும்! கொங்கு நாட்டில் வெள்ளை வேட்டி மரியாதை. அங்கே அது தண்டனை. காவியைப் பறித்தார்கள் என்று அர்த்தம்.

அவ்வளவு பெரிய தூணை உடைத்தது படையெடுப்பு அல்ல, இடியும் அல்ல. கரும்பு ஆலைக்கு உருளைக் கல் வேண்டும் என்று உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் உடைத்தாராம்! தூணின் உச்சியில் இருந்த நான்கு சிங்கங்கள் மலையடிவார மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

புதையல் தேடி வந்தவர்கள்

புத்த மதம் இந்தியாவில் தேய்ந்தது. சாஞ்சியில் பிட்சுகள் இல்லாமல் போனார்கள். காடு மூடிக் கொண்டது. ஒரு விதத்தில் அந்தக் காடுதான் காப்பாற்றியது. 1818-ம் ஆண்டு டெய்லர் என்ற ராணுவ அதிகாரி வந்து பார்த்தபோது மூன்று வாயில்கள் நின்று கொண்டிருந்தன. தெற்கு வாயில் மட்டும் விழுந்து கிடந்தது.

கண்டுபிடித்த பிறகுதான் ஆபத்து வந்தது! 1822-ம் ஆண்டு ஜான்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, உள்ளே புதையல் இருக்கும் என்று நினைத்து, பெரிய ஸ்தூபியை ஒரு பக்கம் மேலிருந்து கீழ் வரை பிளந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. பிளந்ததை மூடவும் இல்லை. மழை புகுந்தது. மேற்கு வாயிலும் சாய்ந்தது.

அடுத்து பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். கிழக்கு வாயிலைக் கழற்றிப் பிரான்சுக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று போபால் ராணி ஷாஜகான் பேகத்திடம் கேட்டார்கள். ஆங்கிலேயர் சிலருக்கும் அதே ஆசை இருந்தது.

ஒரு பழைய கல்வெட்டு அப்போதும் அங்கே இருந்தது. இங்கிருந்து கல்லைப் பெயர்ப்பவனும், பெயர்க்கச் செய்பவனும், வேறு கோவிலுக்குக் கொண்டு போகிறவனும் ஐந்து பெரும் பாவங்கள் செய்தவன் போகும் கதிக்குப் போவான் என்ற சாபம் அது! வாயில் போகவில்லை. சுண்ணச் சாந்தில் அச்சு எடுத்துக் கொண்டு போனார்கள். வந்தவர்கள் நகலோடு திருப்தி அடைந்தார்கள். அசல் மலையிலேயே நின்றது. 2022-ம் ஆண்டு ஜெர்மனியில் பெர்லின் நகரிலும் அதே கிழக்கு வாயிலின் கல் நகல் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள்.

ஷாஜகான் பேகம் மராமத்துக்குப் பணம் கொடுத்தார். 1881-ம் ஆண்டு முதல் கோல் என்ற அதிகாரி பிளவை அடைத்து, விழுந்த வாயில்களைத் தூக்கி நிறுத்தினார். அடுத்த ராணி சுல்தான் ஜகான் பேகமும் அள்ளிக் கொடுத்தார். 1912 முதல் 1919 வரை ஏழு ஆண்டுகள் ஜான் மார்ஷல் அங்கே வேலை செய்தார். காட்டை வெட்டி, புதைந்த விகாரைகளை எடுத்து, மியூசியம் கட்டினார். முஸ்லிம் ராணிகள் காப்பாற்றிய புத்தத் தலம் சாஞ்சி!

நம் பக்கத்திலும் ஒன்று இருந்தது. ராஜராஜ சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை கட்டினான். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே விட்டுக் கொடுத்தான் ராஜராஜன். பிற்காலத்தில் நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்றது பழைய செங்கல் கோபுரம் ஒன்றுதான். கப்பல்காரர்களுக்கு அது கடலில் இருந்தே தெரியும். 1867-ம் ஆண்டு அதையும் இடித்து விட்டார்கள். இடிக்க அனுமதி கொடுத்தது அன்றைய சென்னை அரசாங்கம்! அந்த ஊர் மண்ணில் இருந்து 300-க்கும் மேற்பட்ட வெண்கல புத்தர் சிலைகள் கிடைத்தன. சில எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. கோபுரம் இருந்த இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே ஒரு பேகம் இருந்தார். இங்கே யாரும் இல்லை.

லண்டன் போய் வந்த எலும்புகள்

பெரிய ஸ்தூபிக்குப் பக்கத்தில் ஒரே வாயிலுடன் ஒரு சின்ன ஸ்தூபி இருக்கிறது. 1851-ம் ஆண்டு கன்னிங்காம், மெய்சி என்ற இரண்டு அதிகாரிகள் அதைத் திறந்தார்கள். இரண்டு கல் பெட்டிகள். மூடியில் பெயர்கள். ஒன்று சாரிபுத்தர். மற்றொன்று மொக்கல்லானர். புத்தரின் தலையாய சீடர்கள் இருவர்! சின்ன வயது நண்பர்கள். சேர்ந்தே துறவு பூண்டவர்கள். புத்தருக்கு முன்பே மறைந்தவர்கள். சிமிழுக்குள் சிறு எலும்புத் துண்டுகள் இருந்தன. சிமிழ் மூடியின் உட்புறத்தில், மையால் எழுதிய ஒற்றை எழுத்து. ஒன்றில் "ச". மற்றதில் "ம". எவர் கையோ எழுதிய அந்த மை 2,000 ஆண்டு காயாமல் காத்திருந்தது போல் இருந்தது.

இரு சீடர்களின் எச்சங்கள் இங்கிலாந்து போய் லண்டன் மியூசியத்தில் காட்சிப் பொருளாக இருந்தன. மகாபோதி சங்கம் விடாமல் கேட்டது. 1947-ம் ஆண்டு அவை திரும்பின. முதலில் இலங்கைக்குப் போய், 1949-ல் கல்கத்தா வந்தன. நேரு பெற்றுக் கொடுத்தார். பர்மா முதல் லடாக் வரை ஊர்வலம் போயின. 1952-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி, சாஞ்சிக் குன்றில் புதிதாகக் கட்டிய சேதியகிரி விகாரையில் அவற்றை வைத்தார்கள். நேருவும், டாக்டர் ராதாகிருஷ்ணனும், பர்மா பிரதமர் ஊ நூவும் வந்திருந்தார்கள்.

ஆண்டுதோறும் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி அந்தச் சிமிழ்களை வெளியே எடுத்து ஜனங்கள் தரிசிக்க வைக்கிறார்கள். இலங்கையில் இருந்தும் தாய்லாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில் இருந்தும் வருகிறார்கள். அந்த நாட்களில் ஊர் தாங்காது. தங்கும் இடத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொண்டு போவது நல்லது. கூட்டம் வேண்டாம் என்பவர்கள் தை மாதம் போகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் மியூசியம் மூடியிருக்கும். சிங்கங்களைப் பார்க்க முடியாது.